இடுப்பில் உறங்கிய எலி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு மெல்பேர்னின் நோபல் பார்க்கில் எனக்கு மூன்று வீடு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மணிக்கூடும் கைக்கடிகாரமும் திருத்திய இந்தக் கையைப் போல நடுங்காத கை மெல்பேர்னில் இன்னொன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்தக் கைக்காகத்தான், எழுபதுகளில், பழம்பொருள் விற்கும் வெள்ளைக்காரர் ஒருவர் என்னை வேலைக்கு எடுத்தார்.

அவருடைய பெருமையெல்லாம் யப்பானிய நெட்சுகேகள். கிமோனோவில் பை கிடையாது. புகையிலைப் பையைக் கயிற்றில் கட்டி இடுப்புப் பட்டியில் தொங்கவிடுவார்களாம். கயிறு நழுவாமல் மேலே தடுத்து நிற்கிற பொத்தான்தான் நெட்சுகே. பொத்தான் என்றேனே தவிர, ஒவ்வொன்றும் தந்தத்தில் செதுக்கிய, நெல்லிக்காய் அளவு விலங்கு. ஆமையோ முயலோ, காலையும் காதையும் தன்னோடு அணைத்துச் சுருண்டிருக்கும். ஒரு நகம்கூடத் துருத்தாது. பட்டில் மாட்டிக் கிழிக்கக் கூடாதே.

சின்னச் சாமான், எளிதாகக் களவு போய்விடும் என்று முதலாளி என்னைப் பின்னறையில் வைத்து வெளியிலிருந்து பூட்டுவார். ஜன்னலுக்குக் கம்பி. நான் காற்சட்டையை ஆணியில் கொழுவிவிட்டு, சாரத்தோடு, லுங்கி என்பார்களே, அதோடு தரையில் சம்மணமிட்டு வேலை செய்வேன். அந்தப் பூட்டுச் சத்தம் எனக்கு ஆகாது. ஆனால் எனக்கும், ஊரிலிருந்து வரப்போகிற மனைவிக்கும் இந்த நாட்டில் விசாவுக்குப் பொறுப்பு நின்றவர் அவர். பொறுத்துக்கொண்டேன்.

அவள் வந்திறங்குகிற அன்று ஒரு கண் விழுந்துபோன எலிக்குப் புதுக்கண் பதித்தேன். வால் வயிற்றைச் சுற்றி வந்து வாயருகே முடிகிற எலி. எது பழைய கண், எது புதுக்கண் என்று செதுக்கினவனே எழும்பி வந்தாலும் சொல்லமாட்டான். முதலாளி வந்து, திருத்தின சாமானை நான் வைக்கிற தட்டத்தைப் பார்த்தார். எலி இல்லை.

காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தார். மேசையடியிலும் பார்த்தார். "கிடைக்கும்வரை நீ இங்கேதான்" என்று பூட்டிவிட்டுப் போனார்.

விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகக் காரோடு வந்த நண்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, பிளேன் இறங்கியிருக்கும். இன்னும் சாரத்தோட நிக்கிறியள்?"

"எலியைக் காணேல்லையடா."

"எலிக்கோ அண்ணியை விட்டிட்டு நிக்கிறியள்? பூனை ஒண்டு பிடிச்சுக்கொண்டு வரட்டே?"

"பகிடி விடாதை. கதவு பூட்டிக் கிடக்கு."

"அண்ணிக்கு இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது. ஆர் கூப்பிட்டாலும் பின்னால போயிடுவா."

அதைக் கேட்டதும் தரை முழுக்கத் தவழ்ந்து தேடினேன். கடைசியில், காற்சட்டையைப் போட்டு ஆயத்தமாகவாவது நிற்போம் என்று சாரத்தை அவிழ்த்தேன். எலி என் கால்விரலில் விழுந்தது.

மணிக்கூட்டுக் கடைப் பழக்கம். இரண்டு கையும் வேலையாக இருந்தால் சின்னச் சாமான், இடுப்பில் சுருட்டிய சாரத்துச் சுருக்குக்குள் போகும். கை தானாகச் செய்துவிட்டது. குந்தினேன், தவழ்ந்தேன், ஓரிடத்திலும் அது குத்தவில்லை. உடம்புக்குத் தெரியாமல் உடம்போடு இருக்கவே செய்த சாமான். செய்தவனின் கெட்டித்தனத்தால் நான் கள்ளனாகப் போகிறேன்.

தட்டத்தில் வைத்தால் நம்பமாட்டார். மேசையடியில் கிடந்தது என்றாலும் நம்பமாட்டார். எலியைத் திரும்ப இடுப்பில் செருகிச் சாரத்தைக் கட்டினேன். கதவைத் தட்டினேன். அவர் வந்ததும் அவர் முன்னே துள்ளினேன், குந்தினேன், பிறகு சுருக்கை விரித்து, இது இருந்தது எனக்கே தெரியாது என்று எலியைக் காட்டினேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தே விற்ற மனிதர், ஒரு இடுப்பில் நெட்சுகேயைக் கண்டதில்லை. "இன்னொருமுறை துள்ளு" என்றார். துள்ளினேன். எலியை வாங்கிக் கைக்குட்டையால் துடைத்தார்.

"போ. இனிமேல் சாரம் கூடாது. கதிரையில் ஏறி உட்கார்ந்து வேலை செய்."

விமான நிலையத்தில் அவள் பெட்டிமேல் குந்தியிருந்தாள். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

"ஏனப்பா இவ்வளவு நேரம்?"

"எலி ஒண்டால பிந்திப்போச்சு."

"இஞ்சையும் எலியோ?" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

திங்கட்கிழமை காற்சட்டையோடு கதிரையில் இருந்தேன். சம்மணம் கட்டவும் இடமில்லை. கதவுக்கு வெளியில் பழையபடி பூட்டு விழுந்தது.