பிலோமினா அக்கா திறக்காத போன்

மானிப்பாய் பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு, கனடா மாப்பிள்ளை ஒருவரின் தலைமயிரைப் பற்றிப் பிலோமினா அக்கா போனில் உரத்துக் கதைத்துக்கொண்டிருப்பார். "முன்னுக்கு இல்லைத்தான். பின்னுக்கு வடிவாய்க் கிடக்கு. அங்காலை திரும்பி நிண்டு படம் எடுக்கச் சொன்னனான்." மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்டதோ இல்லையோ, கடைசி ஆசனம் வரை கேட்டுவிடும். கண்டக்டர் ரிக்கற் கொடுக்க மறந்து நிற்பார்.

குருநகரில் என் அடுத்த வீட்டுக்காரர். தொழில், கலியாணம் பேசுவது. எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த நாட்டிலிருந்து கேள்வி வந்திருக்கிறது என்பது அக்காவுக்குத் தெரிந்தால், சிறிது நேரத்தில் மீன்சந்தைக்கும் தெரிந்துவிடும். "நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை, உங்களுக்கு மட்டும்தான்" என்று அவர் தொடங்கினால், நமக்கு முன்பே நாலு பேர் அதைக் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவரைத்தான் சென்ற வைகாசியில் பொலிஸ் கூட்டிக்கொண்டு போனது. பாசையூரில் இன்னாசித்தம்பி என்று இன்னொரு தரகர் இருக்கிறார். அக்கா பேசி முடித்த சம்பந்தம் ஒன்றை, இளவாலையில் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்ணைப் பற்றிப் போனில் எதையோ ஓதிக் குழப்பிவிட்டார். அக்கா அவரை ஏசி, அந்த ஏச்சைக் குரற்பதிவாகப் போனில் அனுப்பினார். அவர் அதைக் கொலை மிரட்டல் என்று முறைப்பாடு கொடுத்தார். துணைக்கு நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

சார்ஜன்ட் பார்த்தீபன் நாற்பதை நெருங்கியவர். குரல் உயர்த்தாத மனிதர். இன்னாசித்தம்பி தன் போனில் அந்த ஒரு ஏச்சை மட்டும் போட்டுக் காட்டிவிட்டு, போனைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தியிருந்தார்.

"உங்களைக் கைது செய்திருக்கிறம் அம்மா. போனைத் திறந்து தாங்கோ. வேறை ஆருக்கும் இப்பிடி அனுப்பியிருக்கிறியளோ எண்டு பாக்கவேணும்."

"ஏசினது நான்தான் சேர். போன் என்னத்துக்கு? நானே சொல்லுறன், எழுதுங்கோ. 'உன்ரை நாக்கை அறுத்துக் கருவாடு போடுவன்.' எழுதியாச்சே? நாக்குக்கு முன்னாலை 'புழுத்த' எண்டும் போடுங்கோ."

சார்ஜன்ட் போட்டார். பிறகு மறுபடியும் கையை நீட்டினார். அக்கா போனை மடியில் கவிழ்த்து, அதன் மேல் கைப்பையையும் வைத்தார்.

"இதுக்குள்ளை குமர்ப்பிள்ளையளின்ரை படங்கள் கிடக்கு. தாய்க்கும் சொல்லாததை எனக்கு எழுதின பிள்ளையும் கிடக்கு. திறக்கமாட்டன்."

"திறக்காட்டில் இண்டைக்கு உள்ளைதான். நாளைக்கு நீதவானுக்கு முன்னாலை போகவேணும்."

கம்பிக் கதவின் பக்கம் அக்கா ஒருதரம் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. பொறுக்க முடியாமல் நான் குனிந்து, "பாக்கட்டும் விடுங்கோவன் அக்கா. நீங்கள் பஸ்ஸிலை சொல்லாததே?" என்று கேட்டுவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் என் நாக்கும் கருவாடாகக் காய்ந்தது.

"பஸ்ஸிலை சொல்லுறது, சொன்னால் பறவாயில்லை எண்ட கதை. இது அதுகள் என்னை நம்பித் தந்தது."

பிறகு சார்ஜன்டிடம் திரும்பினார். 

"மறியலிலை அடைச்சாலும் போய் இருக்கிறன் சேர். நீதவான் கேட்டால் அவருக்கு மறுமொழி சொல்லுறன். ஆனால் உந்த இன்னாசித்தம்பியின்ரை போனையும் திறக்கச் சொல்லுங்கோ. நான் ஏன் ஏசினனான் எண்டு அதுக்குள்ளை கிடக்கு."

சார்ஜன்டுக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். நீட்டிய கை இன்னாசித்தம்பியின் பக்கம் திரும்பியது. அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு எழும்பிவிட்டார்.

"என்ரையையோ? அது என்ரை சொந்த விசயமெல்லோ சேர்! வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் கிடக்கும். அதைப் பொலிஸ் கிண்டிப் பாக்கிறது முறையே?"

சார்ஜன்ட் பேனையை மூடினார். "அதைத்தானே ஐயா இவ்வளவு நேரமும் அவவும் சொல்லிக்கொண்டிருக்கிறா."

முறைப்பாடு வாபஸ் ஆயிற்று. இனி ஏசமாட்டேன் என்று அக்கா கையெழுத்து வைத்தார். "போனிலை" என்று அவர் வாய்க்குள் சேர்த்துக்கொண்டது எனக்கு மட்டும்தான் கேட்டது. தாய்க்கும் சொல்லாத அந்தப் பிள்ளை யார் என்று நானும் இன்றுவரை பல விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். வெயிலைப் பற்றிக் கதைக்கிறார்.

அன்று நாங்கள் வெளிவாசலைத் தாண்டும்போது சார்ஜன்ட் பின்னால் ஓடிவந்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"அக்கா... வீட்டிலை அம்மாவும் கனகாலமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறா..." என்றபடி தன் போனை எடுத்துத் திறந்து, படங்களைத் தட்டத் தொடங்கினார்.

அக்கா சட்டென்று உள்ளங்கையால் அந்தத் திரையை மூடினார். மூடிய கையை எடுக்காமலே, என்னை எட்டப் போய் நிற்கும்படி கண்ணைக் காட்டினார்.