யூட்சன் அண்ணாவின் இடது தோள்

"இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டில் ஒருவரும் வாசிக்கவில்லையா?"

2006 ஓகஸ்டில், பீலெஃபெல்ட் மருத்துவமனையில் ஒரு டாக்டர் இப்படிக் கேட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது. கட்டிலில் இருந்த என் அண்ணா யூட்சன் சுவரைப் பார்த்தார். அதை வாசித்தவள் நான்தான்.

அண்ணா மன்னாரில் பிறந்து மூன்று வயதில் ஜெர்மனிக்கு வந்தவர். பள்ளியில் கால்பந்துக்கு ஓட்டம் போதாது என்று அவரை ஒதுக்கினார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் றக்பிக் குழுவில் சேர்த்துவிட்டார். அந்த நீள்வட்டப் பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா அதை மேசையில் உருட்டிப் பார்த்தார்.

"இது நேராக்கூட உருளுதில்லையே."

"உருட்டுறதுக்கு இல்லையப்பா. பிடிச்சுக்கொண்டு ஓடுறதுக்கு."

"அப்ப பந்து ஏன்? ஒரு தேங்காயைப் பிடிச்சுக்கொண்டு ஓடலாமே."

றக்பியில் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து தள்ளுவார்கள். அண்ணாவின் இடம் முன்வரிசையின் இடது ஓரம். பத்தொன்பது வயதில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்துக் கழகம் அவரை இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. விளையாட்டு எப்படிப் போகிறது என்று தொலைபேசியில் கேட்டால், "மழை, சேறு, முன்னால நிக்கிறவன்ர தாடி. வேற ஒண்டும் தெரியாது" என்பார். சந்தோசமாக இருந்தார். ஏழு ஆட்டங்கள் ஆடினார். எட்டாவது ஆட்டத்தில், ஏப்ரல் கடைசியில், இடது தோள் கழன்றது.

செய்தி வந்த அன்றே அம்மா கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தார். ஜெர்மனியின் மாதா திருத்தலமான கேவலாரில் ஓகஸ்டில் நடக்கும் தமிழர் யாத்திரையில் மகன் மாதா சொரூபத்தைச் சுமக்க வேண்டும். மாதா சுகப்படுத்திய அதே தோளில். அதுவரை தான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை.

ஜூன் நடுவில் இங்கிலாந்தில் சத்திரசிகிச்சை நடந்தது. ஜூலையில் அண்ணா வீட்டுக்கு வந்தார். உலகக் கிண்ணக் கால்பந்து முடிந்தும் எங்கள் தெரு ஜன்னல்களில் கொடிகள் தொங்கின. அவருடைய பையில் கழகத்து டாக்டரின் கடிதம் இருந்தது.

எங்கள் வீட்டில் கடிதம் வாசிப்பது பிள்ளைகளின் வேலை. வெளிநாட்டவர் அலுவலகம், பள்ளிக்கூடம், மின்சாரம் என்று எது வந்தாலும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். முன்பு அண்ணா செய்தார். அவர் போனபிறகு நான். "நல்லதை முதல்ல சொல்லு, லிசா" என்று பழக்கியவரும் அவர்தான்.

அம்மா மேசைக்கு எதிரே இருந்தார். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது என்றேன். தோள் பொருந்தி வருகிறது, பயிற்சி செய்ய வேண்டும் என்றேன். அடுத்த வரி: பன்னிரண்டு வாரத்துக்கு இந்தத் தோளில் எந்தப் பாரமும் கூடாது, மீறினால் மறுபடி சரிசெய்ய முடியாமல் போகலாம். நிமிர்ந்தேன். அம்மாவுக்குப் பின்னால் நின்ற அண்ணா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கடிதத்தை மடித்தேன்.

"அவ்வளவுதானே பிள்ளை?"

"ஓம் அம்மா."

ஏன் அதை மறைக்கச் சொன்னீர்கள் என்று பிறகு படிக்கட்டில் அவரிடம் கேட்டேன்.

"அவ மூண்டு மாதமா மச்சம் சாப்பிடேல்லை" என்றார். "நான் ஏலாதெண்டா, முழங்காலில நடக்கிறனெண்டு நேருவா. ஒரு மணித்தியாலம்தானே. முன்வரிசைக்காரங்களை விட மாதா பாரமே?"

நானும் சிரித்தேன்.

கேவலாரில் அன்று தூறல். எட்டுப் பேர் சொரூபத்தைத் தாங்கிய தடிகளைத் தோளில் வைத்து நடந்தார்கள். நான் குடையோடு பின்னால் போனேன். ஒரு திருப்பத்தில் முன்னால் போனவரின் கால் கல்லில் வழுக்க, பாரம் முழுவதும் அண்ணாவின் பக்கம் சரிந்தது. அவருடைய உதடு வெளுத்தது. சற்றுத் தூரத்தில் எல்லோரும் நின்று தோள் மாற்றினார்கள்.

"தம்பி, பக்கம் மாத்து" என்றார், ஊர்வலத்துக்குப் பொறுப்பாக இருந்த லோறன்ஸ் அண்ணை.

"இல்லை அண்ணை. இதுதான் நேர்ந்த தோள்."

நான் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவ்வளவு கிட்ட நின்றேன். கூப்பிடவில்லை. அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "என்ர பிள்ளையைப் பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணா கோயில் வாசல்வரை சுமந்தார். மூன்று நாள் கழித்துத்தான் மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார்.

இன்னொரு சத்திரசிகிச்சை செய்தும் சரிவரவில்லை. டிசம்பரில், நத்தாருக்கு முன், ஒப்பந்தம் முடிந்தது. ஏழு முழு ஆட்டங்களும் ஒரு பாதி ஆட்டமும். அவருக்கு அப்போது இருபது வயது. இப்போது ஒரு களஞ்சியத்தில் Ausbildung என்ற தொழிற்பயிற்சி செய்கிறார். வீட்டில் மேல்தட்டிலிருந்து தேநீர்க் கோப்பை எடுக்க வலது கைதான். சனிக்கிழமைகளில் மைதானத்தைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறமாட்டார்.

அம்மாவுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு வருடமாக, "என்ர விசுவாசம் போதாமல் போச்சு, அதுதான் பிள்ளைக்குச் சுகம் வரேல்லை" என்று தன்னையே குறைசொல்லிக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன மாதம் பள்ளியின் கடைசி நாள் முடிந்து வந்ததும் அந்தக் கடிதத்தைக் குசினி மேசையில் வைத்து எல்லா வரியையும் வாசித்தேன்.

அம்மா கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து மடித்தார்.

"மாதா கேக்கேல்லையே பிள்ளை" என்றார். "நான்தானே கேட்டனான்."

"அப்பவே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீங்கள்?"

"சுமக்கிறதுக்குப் பதிலா ஒரு மெழுகுதிரி கொழுத்தியிருப்பன்."

உங்களுக்குத் தெரிந்த வீடுகளில் அம்மா அப்பாவுக்குக் கடிதம் வாசித்துச் சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். தமிழ் விளங்காத பிள்ளை என்றால் ஜெர்மனில் சொல்லுங்கள். அண்ணாவின் பெயரையும் சொல்லலாம். அவரிடம் கேட்டுவிட்டேன்.