ஒரே மூச்சில் போட்ட டிக்

எங்களிடம் பதினோரு இணையதளங்கள் இருந்தன என்று சொன்னால் ஏதோ பெரிய கம்பெனி நடத்தியதுபோல இருக்கும். அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. வடக்குப்பட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஆண்களுக்கு ஒன்று, பிள்ளைப்பாக்கம் பெண்கள் ஹாஸ்டலுக்கு ஒன்று, பென்னலூரில் எங்களுக்கு ஒன்று, ஒரகடத்தில் தகடு அழுத்தும் ப்ரஸ் மெஷினில் நிற்பவர்களுக்கு ஒன்று, இப்படிப் பதினொன்று. ஒன்றைத் திறந்தால் ஓரத்தில் மற்ற பத்துக்கும் வழி இருக்கும். எந்தக் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு, எந்த ரூமில் இடம் காலி, எந்த கான்ட்ராக்டர் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு இழுத்தடிப்பான், எந்த கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும், எல்லாம் அதில் கிடக்கும். நடுநடுவே காதல் கவிதை வேறு. படித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் வேலை பார்த்ததில்லை. எந்த குரூப் ஆரம்பித்தாலும் அதில் மேனேஜ்மென்டுக்கு வேண்டிய ஆள் ஒருவன் நைசாக உட்கார்ந்திருப்பான். காலையில் போட்ட மெசேஜுக்கு மத்தியானம் கூப்பிட்டு விசாரணை நடக்கும். எங்கள் தளங்களில் பெயர் கேட்காத ஒரு பெட்டி இருந்தது. எழுதியோ படம் வைத்தோ அனுப்பினால் எனக்கு வரும். நான் பார்த்து ஏற்றுவேன். யார் பெயரையும் எழுதுவதில்லை என்பது முதல் நாளிலிருந்தே எங்கள் சட்டம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, இங்கேயும் யார் பெயரும் வராது.

என் வேலை ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். லைன் முடியும் இடத்தில் நிற்பேன். பொருள் வரும், பார்ப்பேன், செக் ஷீட்டில் டிக் போடுவேன். மணிக்கு ஒரு தடவை மெஷினையும் பார்த்து டிக் போட வேண்டும். டிப்ளமோவில் கற்ற அரைகுறை கம்ப்யூட்டரை வைத்துத்தான் பதினோரு தளங்களையும் பார்த்துக்கொண்டேன். தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, அதனால் நான்தான் எக்ஸ்பர்ட்.

ப்ரஸ் ஷாப் தளத்தை எழுதிவந்தவன் தென்காசிப் பக்கத்துக்காரன். இருபத்தாறு வயது. என்னை அக்கா என்பான். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவன் நின்ற ப்ரஸ், கை உள்ளே இருக்கும்போதே இறங்கியது. கை உள்ளே போனால் மெஷின் இறங்காமல் நிறுத்த வேண்டிய சென்சார் ஒன்று உண்டு. அது நிறுத்தவில்லை. இடது கையில் மூன்று விரல்கள் போயின.

கையில் கட்டோடு அவன் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, சென்சாரை அவனேதான் ஆஃப் பண்ணினான், எண்ணிக்கை கூட்டுவதற்காகச் செய்தான் என்று கம்பெனி எழுதிவிட்டது. அப்புறம் ஒரு விசாரணை நடத்தினார்கள். அது விசாரணையா, நாடகமா? பாதுகாப்பு விதியை மீறியதாகச் சொல்லி வேலையை விட்டு எடுத்தார்கள். விரலையும் எடுத்து, வேலையையும் எடுத்து, தப்பும் உன்னுடையதுதான் என்று எழுதிக் கையில் கொடுத்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்?

அவன் பக்கம் பேச ஒன்றே ஒன்று இருந்தது. விபத்து நடந்த அன்று மாலை நாலு மணிக்கு எங்கள் பெட்டியில் ஒரு படம் வந்தது. அனுப்பியது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ப்ரஸ்ஸின் செக் ஷீட். சென்சார் என்ற வரிசையில் திங்கள், செவ்வாய், புதன் என்று டிக். அதோடு நிற்காமல் வியாழன், வெள்ளி, சனிக்கும் டிக். வராத நாளுக்கும் சென்சார் ஓகே. வாசலிலேயே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற இடத்தில் அதைக் கிழித்துப் படம் எடுத்திருக்கிறார்கள். மாட்டியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் என் போனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அக்கா, இதப் பாத்தியளா? ஆறு டிக்கும் ஒரே சாய்வு. ஒரே மூச்சுல இழுத்துருக்கான். தெனமும் மெஷின் கிட்ட வந்து பாத்துப் போட்ட டிக்கு இப்பிடியா இருக்கும்?"

நானும் பார்த்தேன். செக் பண்ணாமல் டிக் போட்டவனை நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன், பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி.

ப்ரஸ் ஷாப் தளத்தில் நான் ஏற்றியிருந்த அந்தப் படத்துக்குக் கீழே நடந்ததை அவனே எழுதிப் போட்டான். பிறகு வழக்கும் போட்டான். வக்கீல் நல்ல மனிதர். போனில் காட்டினால் கோர்ட்டில் செல்லாது என்று சொல்லிவிட்டார். இந்தப் படம் இந்தத் தேதியில் வந்தது, இந்த இடத்தில் இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை என்று தளத்தை நடத்துகிறவர் பெயர், விலாசத்தோடு கையெழுத்துப் போட்டு ஒரு சான்று தர வேண்டும். நடத்துகிறவர் என்றால் நான்.

"கண்டிப்பா தரேன் சார்" என்றேன். வெளியே வந்ததும்தான் யோசித்தேன். அந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போனால் இந்தப் பதினோரு தளங்களையும் யார் நடத்துகிறார்கள் என்று ஒரகடம் முழுக்கத் தெரிந்துவிடும். என் கம்பெனிக்கும் தெரியும். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

சரியாக அந்த நேரத்தில்தான் ஹோஸ்டிங்காரரிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் தளங்களைத் தான் வாடகைக்கு எடுத்த சர்வரில் வைத்திருந்தவர் சென்னையில் தனியாளாகத் தொழில் செய்தவர். கட்டுப்படியாகவில்லை, மாதக் கடைசியோடு மூடுகிறேன், அதற்குள் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். வக்கீலுக்கு உடனே போன் போட்டேன்.

"சார், தளம் இடம் மாறுது. இப்ப கையெழுத்து போட்டா பழைய இடம்னு ஆயிடும். மாத்திட்டு போட்டுத் தரேன்."

அவரும் அது சரிதான் என்றார். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் போனை வைத்ததும் மூச்சு லேசானது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னா, இன்னிக்கும் அத்த நோண்டிகினே இருக்கப்போறியா?" என்றார். தொழில் புத்தி, நோட்டில் கட்டம் போட்டுச் செக் ஷீட் மாதிரி எழுதியிருந்தேன். கீழே கீழே பதினோரு தளங்கள். பக்கத்தில் எழுத்து, படம், இணைப்பு, பெட்டி என்று நாலு கட்டங்கள். ஒவ்வொரு தளத்திலும் எழுத்துகள் ஒரு மூட்டை, படங்கள் தனி மூட்டை. இரண்டையும் தனித்தனியாக இறக்கிப் புது சர்வரில் ஏற்ற வேண்டும்.

முதல் மூன்றை ஒழுங்காகத்தான் செய்தேன். நான்காவதற்கு எழுத்தை ஏற்றிவிட்டுத் திறந்தால் படங்கள் தாமாகவே தெரிந்தன. அட, இப்போது சேர்ந்தே வந்துவிடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாவதிலும் தெரிந்தது. அதற்குள் மத்தியானம் ஆகி, கரண்ட் வேறு போய், லேப்டாப்பில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. மீதி ஆறுக்கும் எழுத்தை மட்டும் ஏற்றினேன். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தைத் திறந்தேன், படம் தெரிந்தது, மூடினேன். கடைசியில் பேனாவை எடுத்து நான்காவது வரிசையிலிருந்து பதினொன்றாவது வரை மளமளவென்று டிக் போட்டேன். ப்ரஸ் ஷாப் எட்டாவது வரிசை.

வக்கீலிடம் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னேன். கையெழுத்துக்கு வருகிற சனிக்கிழமை என்றேன். அந்தச் சனிக்கிழமை ஓ.டி. வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். இரண்டும் நிஜம்தான். ஆனால் போக வேண்டும் என்றிருந்தால் போயிருப்பேன்.

அடுத்த மாதம் நாலாம் தேதி, கம்பெனி பஸ்ஸில் இருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"அக்கா, படத்தக் காணலியே."

"எந்தப் படம்?"

"நம்ம படந்தான். எழுத்து இருக்கு, படம் இருந்த எடத்துல வெறுங்கட்டந்தான் கெடக்கு. ஒங்களுக்குத் தெரியுதா?"

என் போனில் திறந்தேன். வெறும் கட்டம். மற்ற தளங்களைத் திறந்தேன். எட்டுத் தளங்களிலும் வெறும் கட்டம். ஒரகடம் ஜங்ஷனில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றிருந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. படங்கள் புது சர்வருக்கு வரவே இல்லை. புதுப் பக்கங்களுக்குள் பழைய விலாசம்தான் எழுதியிருந்தது. யாராவது திறக்கும்போதெல்லாம் பக்கம் பழைய சர்வரில் போய்ப் படத்தை வாங்கிவந்து காட்டிக்கொண்டிருந்தது. புது வீட்டில் குடியிருந்துகொண்டு பழைய வீட்டு மோட்டாரில் தண்ணீர் பிடித்திருக்கிறேன். அவர் சர்வரை மூடியதும் நின்றுவிட்டது.

ஹோஸ்டிங்காரரைப் பிடித்தேன். கெஞ்சினேன், சத்தம் போட்டேன், அழவும் செய்தேன்.

"மேடம், மூணு மெயில் போட்டேன். சர்வர திருப்பிக் குடுத்தாச்சு, டிஸ்க்க சுத்தமா அழிச்சிட்டுதான் குடுப்பாங்க. என்கிட்ட ஒண்ணுமே இல்ல மேடம்" என்றார். அவர்மேல் என்ன தப்பு?

பெட்டிக்கு வந்த படங்களை ஏற்றிய கையோடு என் மெயிலிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அழித்துவிடுவேன். அனுப்பியவருக்கு ஆபத்து வரக் கூடாது என்று நானே வைத்த முறை. மிஞ்சியது ஒன்றுதான். பதினொன்றுக்கும் தலைவாசலாக இருந்த தளத்தை நான் முதலாவதாக, ஒழுங்காக மாற்றியிருந்தேன். அதில் முகப்புக்காக அந்தப் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கினால் நீலமாக ஏதோ தீற்றியிருப்பது தெரிந்தது. எந்தக் கிழமை, எத்தனை டிக், ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள் என்று பதினோரு தளங்களிலும் போட்டேன். மூன்றாம் நாள் பெட்டியில் பெயரில்லாமல் இரண்டு வரி வந்தது. "அன்னிக்கே அழிச்சிட்டேன். உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னுதான் அழிச்சேன்."

அதைப் படித்தபோது செத்துப்போகலாம் போல இருந்தது.

வக்கீல் திட்டவில்லை. "ஒரிஜினல் இல்லாம நீங்க வந்து சொல்றதுல பிரயோஜனம் இல்லம்மா. உங்க வேலையாவது மிஞ்சட்டும். கையெழுத்து வேணாம்" என்றார். அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

நேரில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வடக்குப்பட்டில் அவன் ரூமுக்குப் போனேன். கூட இருப்பவர்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். ஒற்றைக் கையால் துணியை மடித்துக்கொண்டிருந்தான். நடந்ததை முதலிலிருந்து சொல்லி, மறைக்கக் கூடாது என்று நோட்டையும் எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துப் பார்த்தான். முதல் மூன்று வரிசையில் டிக்குகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருந்தன. நான்காவதிலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே போனான். எட்டாவது வரிசையில் விரல் நின்றது.

"ஒரே மூச்சுல போட்டுருக்கியளேக்கா" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டான்.

கோர்ட்டில் கம்பெனி அந்த வாரத்துச் செக் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டியதாம். திங்கள், செவ்வாய், புதன், மூன்று டிக்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில், வேறு வேறு பேனாவில், பக்கத்தில் கையெழுத்தோடு. அவ்வளவு அழகான செக் ஷீட்டை எந்த ஷாப்பிலும் நான் பார்த்ததில்லை. வேலையை விட்டு எடுத்தது செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஏறுவதற்கு முன் கூப்பிட்டான். சாப்பிட்டீர்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்றெல்லாம் கேட்டான். அப்புறம் தயங்கினான்.

"அக்கா, ஒரு உதவி. அந்தப் பக்கத்த எடுத்துருங்க."

"எதுக்குடா? உனக்கு நடந்தது அதுலதானே இருக்கு."

"கீழ பாருங்க, சனிக்கிழமை வரைக்கும் டிக் போட்டுருக்குன்னு எழுதிருக்கேன். மேல வெறுங்கட்டம் கெடக்கு. பாக்கிறவுகளுக்கு நாந்தான் பொய் சொன்ன மாதிரில்லா இருக்கு."

சரி என்றேன். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

அன்றைக்கே எடுத்தேன். என் போனில் திறந்து பார்த்தேன், இல்லை. வீட்டுக்காரர் போனில் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முகப்பில் இருந்த நகம் அளவுப் படமும் போய்விட்டதா என்று பார்த்தேன். மற்ற பத்துத் தளங்களிலிருந்தும் அந்தப் பக்கத்துக்கு இருந்த வழியை ஒவ்வொன்றாகத் தொட்டு, எதுவும் திறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். நோட்டில் எட்டாவது வரிசைக்குப் பக்கத்தில் 'நீக்கியது' என்று எழுதி டிக் போட்டேன். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செக் பண்ணினேன்.