“முடுக்கியாச்சா, அண்ணி?”

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, வருஷம் திட்டமாக நினைவில்லை. ஆனால் அந்த சரஸ்வதி பூஜையும் மறுநாள் விஜயதசமியும் மணிக்கணக்காக நினைவிருக்கின்றன. அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் திருச்சியில் ஒரு லாரி ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த ஒரு ஜீப்பை வாங்கினார். ரோடு இல்லாத ஊருக்கும் போகும், வாடகைக்கு விட்டே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. வேலையையும் விட்டுவிட்டார்.

அதே ஷெட்டில் லாரி ஓட்டிய ஒருவர், இவரைவிட இளையவர், இவர் பேச்சை நம்பித் தானும் வேலையை விட்டு எங்கள் ஜீப்புக்கு டிரைவராக வந்தார். இவரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ரசம் என்றால் உயிர். கூடப் பிறந்த தம்பி எனக்கு இல்லை. அந்தக் குறை அவரால் தீர்ந்தது.

வண்டி மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் மண்ணச்சநல்லூரைத் தாண்டி வயல் வரப்பு ஒன்றில் இறங்கியபோது முன் அச்சு உடைந்துவிட்டது. மாட்டைக் கட்டி இழுத்து வந்தார்கள். எங்கள் வாசலில் செங்கல் அடுக்கி அதன்மேல் ஜீப்பை நிறுத்தினார்கள். முன்பக்கம் சக்கரம் இல்லாமல் முழங்காலிட்ட மாதிரி நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

திருச்சியில் இவர் ஏறி இறங்காத பட்டறை இல்லை. பட்டாள வண்டிக்குச் சாமான் கிடைக்காது என்றார்கள். ஒருத்தர் இவர் முகத்தைப் பார்த்தே, “பேசாம எடைக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கித் தின்னுங்க சார்” என்றாராம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ராத்திரி சாப்பிடவில்லை. டிரைவர் தம்பி கிடைத்த லாரியில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

நவராத்திரிக்கு மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள வந்த பக்கத்து வீட்டு அம்மாள் வாசலைப் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் உங்க வீட்டுக் கொலுவுல ஜீப்பா?” என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “ஆமா, அடுத்த வருஷம் ஏரோப்ளேன் வெக்கிறோம், வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அந்த நவராத்திரி முடிவதற்குள்தான் மதுரையில் நொறுங்கிப்போன இன்னொரு ஜீப்பிலிருந்து முழு அச்சும் கிடைத்தது. இவர் இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். கிரீஸும் மண்ணும் அப்பி ஆள் அடையாளமே தெரியவில்லை. சரஸ்வதி பூஜையன்று மாலைக்குள் அச்சைப் பொருத்தி, வலது சக்கரத்தை மாட்டி முடுக்கிவிட்டார். இடது சக்கரத்தையும் மாட்டிவிட்டார். ஐந்து நட்டுகளையும் விரலால் திருகி, ஜாக்கியால் வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு ஸ்பேனருக்குக் கையை நீட்டினார். ஸ்பேனர் அங்கே இல்லை.

நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொட்டால் எனக்கு ஆகாது. காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் கேட்கவில்லை. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் கழுவி, பலகையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்யும்வரை யாரும் எடுக்கக் கூடாது.

“அஞ்சே நட்டுதாண்டி. ரெண்டு நிமிஷம் குடு” என்று கெஞ்சினார்.

“ரெண்டு மாசம் நின்ன வண்டி ஒரு ராத்திரி நிக்காதா? போய்க் குளிங்க.”

அவர் சிரித்துவிட்டார். படுக்கப் போகுமுன், “இடது பக்கம் கையாலதான் திருகி வெச்சிருக்கேன். காலையில பூஜை முடிஞ்சதும் ஞாபகமா ஸ்பேனரை எடுத்துக் குடு” என்றார். நான் மறுநாள் சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். சரி சரி என்றேன். காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

விஜயதசமி காலை இவர் காவேரியில் குளிக்க அம்மா மண்டபம் போயிருந்தார். டிரைவர் தம்பி வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். சமயபுரத்தில் ஒரு குடும்பம் ஜீப்புக்காகக் காத்திருக்கிறதாம். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் வாடகை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அண்ணன் வரட்டும் அண்ணி, கேட்டுக்கிட்டு எடுக்கறேன்.”

“படித்துறையில எவ்வளவு கூட்டமோ! அவர் வர்றதுக்குள்ள ராகு காலம் வந்துடும் தம்பி. நல்ல நாளும் அதுவுமா முதல்முதலா எடுக்கறீங்க, இப்பவே எடுங்க.”

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். புது அச்சைக் குனிந்து பார்த்தார்.

“எல்லாம் முடுக்கியாச்சா, அண்ணி?”

“ஆச்சு, ஆச்சு. நேத்தே ஆச்சு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. முந்தின இரவு கேட்டது அந்த நேரத்தில் மனதில் எங்குமே இல்லை. அந்த ஜீப் வாசலைவிட்டுப் போவதைத் தெருவே பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் நானே எலுமிச்சம்பழம் வைத்தேன், கற்பூரம் காட்டினேன். பழங்கள் நசுங்கின. பக்கத்து வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து பார்த்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

இவர் ஈர வேட்டியோடு திரும்பி வந்து வெறும் வாசலைப் பார்த்தார். “வண்டி எங்கே?” என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

கொள்ளிடம் பாலத்துக்குப் பக்கத்தில் இடது சக்கரம் கழன்று ஓடியிருக்கிறது. வண்டி சாய்ந்து பாலத்துச் சுவரில் மோதிக் கவிழ்ந்திருக்கிறது. நல்லவேளை, வண்டியில் வேறு யாரும் இல்லை, எதிரிலும் யாரும் வரவில்லை. தம்பியின் வலது கை வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்கு ரசம் எடுத்துக்கொண்டு போனேன். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பி என்னைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். குரலே எழும்பாமல், “அண்ணி ஆச்சுன்னு சொன்னாங்களே, அண்ணே?” என்றார்.

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான்டா அவகிட்ட ஆச்சுன்னு சொன்னேன். இடது பக்கத்தை முடுக்க மறந்துட்டேன்” என்றார்.

நான் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை தம்பி, என்னிடம் சொல்லியிருந்தார் என்று ஒரு வரி சொல்ல வேண்டியதுதானே? பக்கத்து வீட்டுக்காரியிடம் அவ்வளவு நீண்ட வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. தம்பி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கொண்டுபோன ரசத்தைத் தொடவில்லை.

தம்பியின் கையை வெட்டி எடுக்கவில்லை, ஆனால் அதில் பிடி வரவில்லை. ஸ்டியரிங்கை அவர் மறுபடி தொடவே இல்லை. மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேனாகப் போனார். ஜீப்பை எடைக்குத்தான் போட்டோம். இவர் பழைய ஷெட்டில் பழைய நாற்காலிக்கே திரும்பினார். மாதாமாதம் மில்லுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் வந்து, “இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டான்” என்றார். நான் அடுப்படியில்தான் இருந்தேன். அப்போதாவது அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போயிருக்கலாம். போகவில்லை. நாளை போகலாம், பொங்கல் கழித்துப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தம்பி இறந்த செய்திதான் முதலில் வந்தது.

இவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் எதையும் மறக்கவில்லை, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தார் என்று இன்று ஊருக்கே எழுதுகிறேன். அதைக் கேட்க வேண்டிய அந்த ஒரு ஆள் இல்லாத உலகத்தில் இந்த உண்மையால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.