"அந்தச் சொல்லை வாசிங்க"

எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கிளீவன் ரெடிக் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கண்ணாடியை மாட்டி வாசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பால்டிமோரின் மேற்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பஸ் டெப்போவில் அவர் முப்பத்தொரு வருடமாக ஓட்டுநர். பதினாறு வருடமாகத் தொழிற்சங்கப் பிரதிநிதி. நானும் அங்கேதான் வண்டி ஓட்டுகிறேன். அலுவலகக் காபியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. எதிரே உள்ள கோழி வறுவல் கடையில் எலுமிச்சைச் சாறும் தேநீரும் பாதிப்பாதி கலந்து வாங்கி வருவார். மேலாளர் சிரித்துக்கொண்டு வந்தால், "இவன் எதுக்கு இப்போ பல்லைக் காட்டுறான்?" என்று என் காதைக் கடிப்பார். தேவாலயத்தில் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால்கூட அவருக்கு ஒரு கண் திறந்தே இருக்கும். அப்போது உன் கண் எங்கே இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

குரல் பெரிய குரல். ஞாயிறன்று பாடகர் குழுவில் அது எழும்பினால் பெண்கள் விசிறியை நிறுத்திவிட்டு "ஆமென்" என்பார்கள். ஒரு திங்களன்று அதே குரலில் "பிரேக் சரியில்ல" என்று சொன்னதற்கு, "மேற்பார்வையாளரை மிரட்டினார்" என்று எழுதி மூன்று வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய கதை. ஆனால் அன்றிலிருந்து யார் மேல் எந்தப் புகார் வந்தாலும் அவருக்கு ஒரே பேச்சுதான்: "என்ன சொன்னாங்க? அந்தச் சொல்லை வாசிங்க."

எங்கள் ஊர் அப்படி. சாப்பாட்டுக் கடை வெள்ளைக்கார அம்மா வருவோர் போவோரையெல்லாம் "ஹன்", அதாவது கண்ணே, என்று கூப்பிட்டால் அது ஊருக்கே அழகு. பனியனில் அச்சடித்து விற்பார்கள். எங்கள் கறுப்பினப் பிள்ளைகள் ஒருவரையொருவர் "யோ" என்று கூப்பிட்டுக்கொண்டு அதே கடைக்குள் நுழைந்தால் காவலாளி பின்னாலேயே வருவான்.

சென்ற மார்ச்சில் ரொவீனா பூன் மாட்டிக்கொண்டாள். பதினோரு வருடம் வண்டி ஓட்டியவள். வண்டிக்குள் நடந்துகொண்டே போன் பேசிய ஒரு பயணியிடம், "உக்காருங்க. நீங்க உக்கார்ற வரைக்கும் வண்டி நகராது" என்றாள். "மிரட்டும் தொனி" என்று புகார் வந்தது. ஏற்கெனவே அவள் மேல் இரண்டு புகார்கள் உண்டு. மூன்றாவதும் நிலைத்தால் வேலை போய்விடும்.

விசாரணைக்கு முந்தின நாள் ஓய்வறையில் ரெடிக் அவளைத் தயார் செய்தார்.

"குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொல்லு, தங்கச்சி."

"நாப்பது அடி வண்டிண்ணே! தாலாட்டுற மாதிரி சொன்னா கடைசி சீட்டுக்கு எப்படிக் கேக்கும்?"

"நாளைக்குப் போற ரூமு சின்னது."

"நீங்களும் அவங்க காதை வச்சுதான் என்னைக் கேக்குறீங்க."

எனக்கு ரெடிக் மேல் கோபம் வந்தது. அவருக்கும் தன் மேல் வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் விசாரணைக்கு, சங்கத்தின் சார்பில் குறிப்பெடுக்க நானும் போனேன். மேலாளர் கால்டர் கோப்பைத் திறந்தார்.

"அந்தச் சொல்லை வாசிங்க" என்றார் ரெடிக்.

கால்டர் வாசித்தார். அவர் வாயில் அது ரயில் நிலைய அறிவிப்பு போல இருந்தது.

"இதுல மிரட்டல் எங்க இருக்கு?"

"சொல்லுல இல்ல, மிஸ்டர் ரெடிக். சொன்ன விதத்துல இருக்கு."

"நீங்க கேட்டீங்களா?"

"பயணி கேட்டிருக்கார்."

ரெடிக் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தார். கிரெக் ஹட்சின்ஸ் என்ற வெள்ளைக்கார ஓட்டுநருக்கு ஜனவரியில் நிர்வாகம் கொடுத்த பாராட்டுக் கடிதம் அது. எங்கள் அறிவிப்புப் பலகையில் அவர்களே ஒட்டியிருந்தார்கள்.

"இதையும் வாசிங்க."

"'நீங்க உக்கார்ற வரைக்கும் வண்டி நகராது' என்று உறுதியாகச் சொல்லி, பயணிகளின் பாதுகாப்பை..." கால்டர் பாதியில் நிறுத்திவிட்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன. அச்சு அசலாக அதே வாக்கியம்.

எழுந்து வெளியே போனவர், பத்து நிமிடத்தில் ஒரு புதிய தாளும் ஒரு சிரிப்புமாகத் திரும்பி வந்தார். "புகாரை விட்டுடுறோம். ரொவீனா ரெண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போனாப் போதும். தண்டனையில்ல, உதவிதான். உங்களை மாதிரிப் பதமாப் பேசப் பழகிக்கிட்டா அவங்களுக்கே நல்லது, மிஸ்டர் ரெடிக். ரெண்டு பேரும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

ரொவீனா பேனாவை எடுத்துவிட்டாள். வேலை தப்பியதே போதும் என்று இருந்தது அவளுக்கு. அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

"பொறு, தங்கச்சி."

ரெடிக் தாளைத் தன் பக்கம் இழுத்து வாசித்தார். பயிற்சிக்குச் செல்வோர் பட்டியலில் ரொவீனாவின் பெயருக்குக் கீழே நான்கு வரிகள் காலியாக இருந்தன. அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, அடுத்த வரியில், அவசரமே இல்லாமல், "கிரெக் ஹட்சின்ஸ்" என்று எழுதினார். பிறகு மேலாளர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பேனாவை வைத்து, தாளைக் கால்டர் பக்கம் தள்ளினார்.