கொரியாக்காரனின் ஜாடி

சயாம் ரயில் பாதை போட ஆள் ஏற்றிய லாரியில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கியவன் நான். குசினி வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

மலாயாவில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். அவர் பங்களாவில் ஜப்பான் சார்ஜன்டும் ஐந்து சிப்பாய்களும் வந்து உட்கார்ந்தார்கள். குசினியில் சமையல் நான். முதல் நாள் கருவாட்டுக் குழம்பில் மிளகாய் போட்டேன். சார்ஜன்ட் ஒரு வாய் வைத்தான். "பக்கேரோ!" என்று திட்டி இரண்டு அறை. அதோடு அவர்கள் சட்டியில் மிளகாய் கிடையாது.

ஒரு சிப்பாய் மட்டும் குசினிப் பக்கம் வந்து வந்து மோப்பம் பிடிப்பான். கனேடா என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் என் மரவள்ளிக்கிழங்குக்கு அரைத்து வைத்திருந்த மிளகாயைத் தொட்டு நக்கினான். கண்ணில் தண்ணீர். சிரிக்கிறான்!

"ஜப்பான்காரன் மிளகாய் தின்பானா?" என்று மலாயில் கேட்டேன்.

"புக்கான் ஜப்பான்," என்று கையை ஆட்டி மறுத்தான். "சாயா கொரியா." தான் கொரியாக்காரனாம்.

கொரியா என்பது ஜப்பானில் ஒரு ஊர் என்று நினைத்தேன். அவன் அடுப்புச் சாம்பலில் குச்சியால் இரண்டு நிலம் கீறினான். ஒன்று ஜப்பான், ஒன்று கொரியா. ஜப்பானில் ஒரு காலை ஊன்றி, மற்ற பூட்ஸ் காலால் கொரியாவை மிதித்தான். நமக்கு வெள்ளைக்காரன் மாதிரி அவனுக்கு ஜப்பான்காரன். புரிந்தது.

கடுகுக்கீரையை உப்பு, பூண்டு, மிளகாய் போட்டு ஜாடியில் புளிக்க வைக்கச் சொன்னான். அவன் ஊர்ச் சாப்பாடாம். உப்பை அவனே ராணுவ ஸ்டோரிலிருந்து எடுத்து வந்தான். அப்போது உப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜாடியை விறகுக்குப் பின்னால் வைத்தோம்.

நாலாம் நாள் மதியம் சார்ஜன்ட் குசினிக்குள் நுழைந்து நேரே விறகுக்குப் போனான். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஓடி வந்தார்; அவர் கொஞ்சம் ஜப்பான் பேச்சு கற்றிருந்தார்.

"வேலு, ராணுவ உப்பைத் திருடிட்டியாம்லா. யாருக்குடா இது? சொல்லித் தொலை. லாரி வெளிய நிக்குது."

லாரியில் பதினோரு பேர் ஏறியிருந்தார்கள். என் பெண்சாதிக்கு ஏழு மாதம். கனேடாவைச் சொன்னால் அவன் தோலை உரிப்பார்கள். சொல்லாவிட்டால் எனக்குச் சயாம்; அங்கே போனவன் திரும்புவது அபூர்வம்.

"எனக்குத்தான்," என்றேன்.

"ஏறுடா அப்ப."

ஒரு காலை வைத்தேன். மேலிருந்து, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற பெருமாள் கை நீட்டினான். "வாப்பா குசினி! அங்கயும் நீயே ஆக்கிப் போடு. மிளகாய மட்டும் மறந்துறாத."

பங்களாப் படியில் பூட்ஸ் சத்தம். கனேடா! ஓடி வந்து சார்ஜன்ட் முன்னால் விறைத்து நின்று கத்தினான். கிராணி வாயைப் பிளந்தார்.

"டேய், ஜாடி தன்னோடதுங்கிறான்! உப்பு எடுத்ததும் அவன்தானாம். நான் கொரியாக்காரன், இது எங்க சாப்பாடுங்கிறான்!"

சார்ஜன்ட் சிரித்தான். பிறகு அறைந்தான். ஒவ்வொரு அறைக்கும் "சோசென்! சோசென்!"

"என்ன ஐயா சொல்றான்?"

"கொரியான்னுதான்டா, அவங்க பாஷையில. நம்ம தமிழாளுங்கள இளக்காரமா 'கிளிங்'னு கூப்பிடுவானுங்கல்ல, அந்த மாதிரி துப்புறான்."

எட்டு அறை வரை எண்ணினேன். கனேடா அசையவில்லை. அவன் சொன்னபோது அது ஊர்ப் பெயர். சார்ஜன்ட் சொன்னபோது வசவு.

கிராணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எறங்குடா மடையா! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

இறங்கினேன். லாரி போனது. அதில் போனவர்களில் ஒருவர்தான் திரும்பினார். அது பெருமாள் இல்லை.

மறுநாள் சார்ஜன்ட் உத்தரவு போட்டான். கனேடாவை இனி எல்லாரும் சோசென் என்றுதான் கூப்பிட வேண்டும். சாப்பாட்டு நேரம் வந்தது. உதடு வீங்கிப்போய் வாசலில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அந்தச் சொல் வரவில்லை.

"அண்ணே, சாப்பிட வாங்க," என்றேன், தமிழிலேயே.

எழுந்து வந்தான்.

பிறகு பீடோங்கில் முப்பது வருஷம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தேன். வருகிறவனை எந்த ஊர் என்று கேட்பேன். அவன் எப்படிச் சொல்கிறானோ அப்படியே நானும் சொல்வேன். உடுப்பைப் பார்த்து நானாக ஒரு பெயர் வைத்ததில்லை.