எட்டுப் படம்

அப்பா சாகும்வரை "நம்ம ஊரு" என்று சொல்லிக்கொண்டிருந்த திருச்சிப் பக்கத்துக் கிராமத்தை முதன்முதலாகப் பார்க்க இலங்கையிலிருந்து புறப்பட்டேன். கேமரா வாங்க ஹட்டன் கடைக்குப் போய், பெட்டிக் கேமராவா, மடக்குக் கேமராவா என்று விழித்தேன்.

"எதைப் புடிக்கப் போறீங்க? ஆளுங்களையா, தூரத்துக் காட்சியையா?" என்றார் கடைக்காரர்.

"தெரியாதுங்க. நான் பொறந்ததே டயகம தேயிலைத் தோட்டத்துலதான்."

அவர் சிரித்து, எட்டுப் படம் விழும் பெட்டிக் கேமராவைக் கொடுத்தார்.

பழகிப் பார்க்கலாமே என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளை எடுத்தேன். பிறகு காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற சனத்தை, கொழுந்துக் கூடையோடு மனைவியை, இப்படியே ஒவ்வொன்றாக. தலவாக்கலையில் ரயில் ஏறும்போது பிலிமே மிச்சமில்லை.

திருச்சியில் கழுவி வாங்கிய படங்களைக் கிராமத்தில் இருந்த சித்தப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுதான் உங்க ஊராப்பா?"

என் தலை தானாக ஆமென்று ஆடியது.